தீவுக்கு வரி உண்டு, வழி இல்லை

ஒன்ராறியோவில் கொட்டேஜ், அதாவது ஏரிக்கரை விடுமுறை வீடு, வாங்க யோசிக்கும் நம்மவர்களில் சிலர் இப்போது தீவுப் பக்கமும் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். கார் போகும் கொட்டேஜை விடத் தீவில் விலை குறைவு. விலை ஏன் குறைவு என்றால், தீவில் வீடு இருக்கும், காணி உறுதியும் கையில் இருக்கும், ஆனால் எதிர்க்கரையில் காரை விடவும் படகைக் கட்டவும் ஓர் அடி நிலம்கூடச் சொந்தமாக இருக்காது.

சந்தை அப்படித்தான், விடுவோம். எனக்குக் கோபம் நகரசபைகள் மீதுதான். முஸ்கோகா ஏரிகளிலும் ஜோர்ஜியன் குடாவிலும் வீதியே போகாத காணிகள் ஏராளம். குடாவில் ஆர்க்கிபெலகோ, அதாவது தீவுக்கூட்டம், என்ற பெயரிலேயே ஒரு நகரசபை இருக்கிறது. இப்படிப்பட்ட தீவுக் காணிக்கும் சொத்துவரி மதிப்பைப் பார்த்துத்தான். வாசலில் பனி வழிப்பதும் இல்லை, குப்பை எடுப்பதும் இல்லை. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு கரைக்கு வந்தால், பொது இறங்குதுறையில் பலகை தொங்குகிறது: சாமான் ஏற்றி இறக்க மட்டும், இரவில் படகு கட்டக் கூடாது. கேட்டால் மரீனாவில், அதாவது படகுத் தரிப்பிடத்தில், இடம் வாடகைக்கு எடுங்கள் என்பார்கள். மரீனா தனியார் வியாபாரம். நாளைக்கு அதன் முதலாளி விற்றுவிட்டுப் போனால் உங்கள் வீட்டுக்கு வழி அவரோடு போய்விடும்.

கரையில் இடமில்லை என்று நகரசபைகள் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்தில் நில அளவையாளர்கள் இங்கே பல ஏரிகளின் கரையோடு 66 அடி அகலத்தில், அதாவது அவர்களுடைய அளவைச் சங்கிலி ஒன்றின் நீள அகலத்தில், வீதிக்கென்று நிலம் ஒதுக்கினார்கள். தண்ணீரில் போய் முடியும் வீதி ஒதுக்கங்களும் உண்டு. பெரும்பாலானவற்றில் வீதி போடவே இல்லை. நிலம் நகரசபையின் கையில் இருந்தது. பிறகு கரையில் வீடு வைத்திருப்பவர்கள் கேட்கக் கேட்க, சட்டப்படி அந்த ஒதுக்கத்தை மூடித் துண்டு துண்டாக விற்றுவந்தார்கள். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கரையை விற்ற அதே கையால் 'படகு கட்டக் கூடாது' என்ற பலகையையும் எழுதினால் எப்படி?

வீதி அணுகல் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஒரு காணிக்கோ படகுத்துறைக்கோ போகும் ஒரே அணுகல் வீதியை, அது தன் நிலத்தில் கிடந்தாலும், உரிமையாளர் நினைத்தவுடன் மறிக்க முடியாது. 90 நாள் அறிவித்தல் கொடுத்து நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அது திறந்திருக்கும் வீதியைத்தான் காக்கும், இல்லாத துறையை உண்டாக்காது. பதிவு முறையிலும் பிடி இருக்கிறது: காணியின் உரிமையை அரசே பதிந்து உறுதிப்படுத்தும் உரிமைப் பதிவு முறைக்குள் (Land Titles) வந்துவிட்ட காணியில் எத்தனை வருடம் நடந்து பழகினாலும் புதிதாக வழியுரிமை பிறக்காது. யாழ்ப்பாணத்து உறுதியில் கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்காலையும் எழுதாமல் காணி கைமாறாது. அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள் இங்கே தரகர் காட்டும் படத்தில் மயங்கிக் கையெழுத்து வைப்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

கரையில் இருப்பவர்களின் முறைப்பாட்டிலும் நியாயம் உண்டு. ஒடுங்கிய வீதியில் கோடை முழுக்க இரு பக்கமும் கார்கள் நின்றால் தீயணைப்பு வண்டி எப்படிப் போகும்? பொதுத் துறையில் மீன் பிடிக்க வருகிற சனமும் சனம்தானே. ஆகவே எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வரி கட்டும் ஒவ்வொரு தீவுக் காணிக்கும் ஒரு படகு, ஒரு கார் என்று வரி இலக்கத்தோடு சேர்த்து இடம் ஒதுக்கட்டும். அதற்கு ஆண்டுக் கட்டணம் வாங்கட்டும். வார இறுதி வாடகைக்கு விடுகிறவர் விருந்தாளிகளுக்கென்று இரண்டாவது இடம் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. தீவில் புதிதாகக் காணி பிரிக்க வருகிறவர் கரையில் நிரந்தரமான இடத்தைக் காட்டினால்தான் அனுமதி. மரீனாவின் ஒரு வருட வாடகைக் கடிதத்தை ஆதாரமாக நீட்டினால் திருப்பி அனுப்ப வேண்டும்.

ரொறன்ரோவைப் பாருங்கள். வாட்ஸ் தீவு, அல்கொன்குயின் தீவு வீடுகளுக்குப் போவதற்கு மாநகரமே பெரி, அதாவது பயணிகள் படகு, ஓட்டுகிறது. (கோடை ஞாயிறுகளில் அந்த வரிசை வேறு கதை.) அங்கே பூங்கா இருக்கிறது, வருடம் முழுக்கச் சனம் இருக்கிறது, உண்மைதான். முஸ்கோகாவில் யாரும் பெரி கேட்கவில்லை. படகைக் கட்டுவதற்கு ஒரு வளையம் போதும்.

கரை ஒதுக்கத்தை மூடி விற்கும் அறிவித்தல்கள் நகரசபைத் தளத்தில் வரும். அதைத் தவறாமல் வாசிப்பவர்கள் வாங்குகிறவரும் அவருடைய வழக்கறிஞரும்தான். தீவுக்காரர் நகரத்தில் இருப்பார், விற்று முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். ஒன்ராறியோவில் கொட்டேஜ் வைத்திருக்கும் 18 வயது வந்த கனடியக் குடிமக்களுக்கு அந்த ஊர் நகரசபைத் தேர்தலிலும் வாக்கு உண்டு. அடுத்த முறை வேட்பாளர் வாக்குக் கேட்டு வந்தால், எந்தெந்த ஒதுக்கத்தை விற்கப் போகிறார் என்று கேளுங்கள்.