புண் வரும்வரை பாதத்தைப் பார்க்காத மருத்துவமனைகள்

சர்க்கரை நோய்க்காக மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு ரத்தம் எடுக்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரையை மாற்றி எழுதுகிறார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்ப்பது மட்டும் பல இடங்களில் விட்டுப்போகிறது. பாதப் பராமரிப்புக்கெனத் தனிப் பிரிவு இருந்தாலும், சீழ் பிடித்த பிறகே நோயாளி அங்கே அனுப்பப்படுகிறார். அந்தப் பிரிவின் முதன்மையான வேலை புண்ணுக்குக் கட்டுப் போடுவதல்ல, புண்ணே வராமல் காப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நெடுநாள் சர்க்கரையால் நரம்புகள் பழுதடையும்போது பாதம் மரத்துப்போகிறது. செருப்புக்குள் சிறு கல் கிடந்தாலும் அது தெரியாமல் ஒருவர் நாள் முழுவதும் நடந்துவிடுவார். வலி இல்லாததால் அவராகவே மருத்துவரிடம் காட்டுவார் என்று எதிர்பார்க்கவும் முடியாது. சர்க்கரை நோயாளிகளில் 19 முதல் 34 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பாதப் புண் வரக்கூடும் என்று மருத்துவ ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. இந்நோயால் கால் அகற்றப்படுவோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு அது ஒரு புண்ணில்தான் தொடங்குகிறது.

பரிசோதனையோ மிக எளியது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பெருவிரலின் அடியிலும் முன்பாதத்திலும் வைத்து அழுத்தி, தொடுவது தெரிகிறதா என்று செவிலியர் கேட்பார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை விரல் எலும்பில் வைத்து அதிர்வு உணரப்படுகிறதா என்று பார்ப்பார். பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்பக்கத்திலும் நாடி பிடித்து ரத்த ஓட்டத்தை அறிவார். இதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆபத்து இல்லாதவருக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், ஏற்கெனவே புண் வந்து ஆறியவருக்கு 1 முதல் 3 மாதங்களுக்கு ஒருமுறையும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

என் பெரியப்பாவின் உள்ளங்காலில் இருந்த காய்ப்பைப் பாதப் பிரிவுச் செவிலியர் ஒருவர் சீவி எடுத்தபோது நான் அருகில் இருந்தேன். மஞ்சளாகத் தடித்திருந்த தோல் ஏடு ஏடாக வர, அடியில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. நடக்கும்போது காய்ப்பு கொடுத்த அழுத்தத்தால் உள்ளே ரத்தம் கசிந்து, புண் உருவாகத் தொடங்கியிருந்தது. பெரியப்பாவுக்கு வலியே இல்லை. தேர்ந்த கை செய்ய வேண்டிய வேலை இது. வீட்டில் பிளேடால் சீவுவதும், கால் ஆணிக்கென விற்கும் பிளாஸ்திரியை ஒட்டுவதும் புதுப் புண்ணை உண்டாக்கிவிடும்.

புண் வந்தவருக்கும் தினமும் கட்டு மாற்றுவது மட்டும் போதாது, அந்த இடத்தின் மேல் உடல் எடை இறங்காமல் தடுத்தாக வேண்டும். வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் பால் பிராண்ட், மரத்துப்போன பாதங்களின் புண்களை மாவுக்கட்டுப் போட்டு ஆற்றினார். அதே முறைதான் பின்னர் சர்க்கரை நோயாளிகளுக்கும் கைகொடுத்தது. இதைச் செய்யத் தெரிந்தவர், ரத்தக்குழாய் மருத்துவர், அறுவை மருத்துவர், காலணி வடிவமைப்பவர் ஆகியோர் ஒரே பிரிவில் சேர்ந்து இயங்காவிட்டால், ஆற வேண்டிய நாள்களை நோயாளி வரிசைகளில் நின்றே இழக்கிறார். பாதம் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால், புண் இல்லாவிட்டாலும் அன்றைக்கே பார்க்கும் ஏற்பாடும் வேண்டும்; எலும்புகள் நொறுங்கிப் பாதத்தின் வடிவமே குலையும் சார்க்கோ பாதம் அப்படித்தான் தொடங்குகிறது.

ஆறிய புண் ஓராண்டுக்குள் மீண்டும் வருவது ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு நேர்கிறது. ஆகவே, புண் ஆறிவிட்டது என்று எழுதித் தரும் சீட்டிலேயே அடுத்த பாதப் பரிசோதனைக்கான தேதியும், அவர் இனி அணிய வேண்டிய காலணியின் விவரமும், சந்தேகம் வந்தால் உடனே அழைப்பதற்கான தொலைபேசி எண்ணும் இடம்பெற வேண்டும் என்று ஒவ்வொரு மருத்துவமனையையும் கேட்டுக்கொள்கிறேன்.