114ஏ பிரிவும் லோத்திகா சர்க்காரும்

சட்டக் கல்லூரியில் சாட்சியச் சட்டம் படித்தபோது 114ஏ பிரிவை ஒரு வரியாக மனப்பாடம் செய்தவன் நான். காவலர் மாதிரி அதிகாரத்தில் இருப்பவர் மீதான வன்புணர்வு வழக்கில், உடலுறவு நடந்தது நிரூபணமாகி, எனக்குச் சம்மதமில்லை என்று பெண் சாட்சியம் சொன்னால், சம்மதமில்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். அவ்வளவுதான், பரீட்சைக்குப் போதும். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வக்கீலாகிப் பல வருடம் கழித்துத்தான், அதற்குப் பின்னால் நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய ஒரு கடிதம் இருப்பது தெரிந்தது.

நால்வரில் ஒருவர் லோத்திகா சர்க்கார். 1923-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண், டெல்லி பல்கலைக்கழகச் சட்டத் துறையின் முதல் பெண் ஆசிரியர். ஆனால் எனக்கு அவர் முக்கியமாகப்படுவது இந்த 'முதல்'களால் இல்லை, அந்தக் கடிதத்தால்.

1972 மார்ச் 26 இரவு, மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையம். அண்ணன் கொடுத்த புகார் விசாரணைக்காக அழைத்துவரப்பட்ட பழங்குடிச் சிறுமி, வயது 14-க்கும் 16-க்கும் நடுவில். வாக்குமூலம் வாங்கி முடித்ததும் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவளை மட்டும் உள்ளே இருக்கச் சொன்னார்கள். விளக்கு அணைந்தது, கதவு உள்பக்கம் தாழிடப்பட்டது. செஷன்ஸ் நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுவித்தது, உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தண்டித்தது, 1978-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, எதிர்த்துப் போராடிய அடையாளம் இல்லை, அவள் கத்தினாள் என்பதையும் நம்ப முடியாது, ஆகவே சம்மதம் என்றது தீர்ப்பு. மதுரா வழக்கு என்று இன்றும் அவள் பெயராலேயே அதைச் சொல்கிறோம். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்ற, இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவே இந்த வழக்கு கிளப்பிய போராட்டத்துக்குப் பிறகுதான் வந்தது, அவளுக்கு அது உதவவில்லை.

1979 செப்டம்பர் 16. உபேந்திர பக்சி, ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார், லோத்திகா சர்க்கார் நான்கு பேரும் இந்தியத் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். படித்துப் பாருங்கள், வகுப்பில் ஒரு தீர்ப்பை வரி வரியாகப் பிரித்துப் பாடம் எடுப்பது போலவே இருக்கும். பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு, இந்த வித்தியாசம் எங்கே போனது? காவல் நிலையத்துக்குள் இரண்டு காவலர்களிடம் மாட்டிக்கொண்ட சிறுமி கூச்சல் போட்டு உதவியை வரவழைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களா? இரவில் ஒரு பெண்ணைக் காவல் நிலையத்தில் நிறுத்திவைத்ததே சட்டவிரோதம், அதைக் கண்டித்து ஏன் ஒரு வார்த்தை இல்லை? எழுதியவர்கள் அந்த வழக்கில் ஆஜரானவர்கள் இல்லை, எந்தத் தரப்புக்கும் வக்கீல் இல்லை. சட்டம் சொல்லிக்கொடுப்பவர்கள், தங்கள் மாணவர்களுக்கு இந்தத் தீர்ப்பை நாளைக்கு எந்த முகத்தோடு நடத்துவது என்று கேட்டவர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தீர்ப்பு மாறவில்லை. ஆனால் 1980 மார்ச் 8 அன்று பல நகரங்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. 114ஏ அப்படி வந்ததுதான். புதிய சாட்சியச் சட்டத்தில் இப்போது அதன் எண் 120.

கோர்ட்டில் சோபிக்காதவர்கள்தான் பாடம் நடத்தப் போவார்கள் என்று வக்கீல்கள் கூடும் பார் ரூமில் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நானெல்லாம் ஆயுசு முழுக்க வாதாடினாலும் ஒரு பிரிவைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றிவிட முடியாது.

அப்புறம் இன்னொன்று. பெண்களின் நிலை பற்றி ஆராய 1971-இல் அரசு அமைத்த குழுவிலும் லோத்திகா சர்க்கார் இருந்தார். சட்டமன்றம், நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு வேண்டாம் என்று குழுவில் பெரும்பான்மை சொன்னபோது, ஒப்புக்கொள்ளாமல் குழுவில் இருந்த வீணா மஜும்தாரும் அவரும் மாற்றுக் கருத்து எழுதி வைத்தார்கள். அறிக்கை வந்தது 1974-இல். மூன்றில் ஒரு பங்குக்கான அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது 2023-இல், அதுவும் இன்னும் ஒரு தேர்தலில்கூட நடைமுறைக்கு வரவில்லை. 1981-இல் ஆக்ராவின் பெண்கள் பாதுகாப்பு இல்லத்தில் இருந்தவர்களின் கொடுமையான நிலையை உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதியதும் பக்சியும் அவரும்தான். அந்தக் கடிதமே வழக்கானது.

இத்தனை செய்தவர், கணவர் இறந்த பிறகு முதுமையில், நம்பிய ஒருவரிடம் டெல்லியில் தன் சொந்த வீட்டையே இழந்து நின்றார். பழைய மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து சட்டப் போராட்டம் நடத்தித்தான் வீட்டை மீட்டுக் கொடுத்தார்கள். இதை எழுதும்போது கை கனக்கிறது.

2013 பிப்ரவரி 23 அன்று, 90 வயதில் காலமானார். அதே வருடம் ஏப்ரலில் குற்றவியல் சட்டத் திருத்தம் வந்தது. வன்புணர்வை வரையறுத்த, இந்திய தண்டனைச் சட்டத்தின் 375-ஆம் பிரிவில் புதிதாக ஒரு விளக்கம் சேர்ந்தது: உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண் சம்மதித்ததாகக் கருதக் கூடாது. 1979 கடிதத்தில் இருப்பதும் அதேதான். என்னிடம் ஜூனியராகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே அந்தக் கடிதத்தின் நகலைக் கொடுத்துவிடுகிறேன், 114ஏ-வை அதற்குப் பிறகு படிக்கலாம் என்று.