போராட்டமே இல்லாத நாட்டில்தான் ஜனநாயகம் நலமா? தவறான தகவல்

“தெருவில் போராட்டம் நடந்தாலே ஜனநாயகம் சீரழிந்துவிட்டது, அமைதியான நாடே நல்லாட்சி” என்றொரு செய்தி பரவுகிறது. இது தவறு.

கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியில் இருந்த அன்றைய கிழக்கு ஜெர்மனியைப் பாருங்கள். 1953 ஜூன் எழுச்சியை சோவியத் டாங்கிகள் நசுக்கிய பின் தெருக்கள் பல்லாண்டு அடங்கிக் கிடந்தன. 1989 மே உள்ளாட்சித் தேர்தலில் தனக்கு 98.85% ஆதரவு என்றது அரசு. வாக்கு எண்ணிக்கையைக் கூடவே இருந்து கவனித்த குடிமக்கள் குறித்துவைத்த எதிர்வாக்குகளோ அறிவித்ததைவிட அதிகம், மோசடி அம்பலமானது. அதே ஆண்டு அக்டோபர் 9-இல் லைப்சிக் நகரில் சுமார் 70,000 பேர் அரசை எதிர்த்துத் திரண்டனர். ஒரே மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

ஜனநாயகம் நலமா என்று அறிய, கூட்டத்தின் அளவு முக்கியமல்ல. கைதானவரை எவ்வளவு விரைவில் நீதிபதிமுன் நிறுத்துகிறார்கள், இணையத்தை முடக்குகிறார்களா என்று பாருங்கள். எல்லாத் திரளும் ஜனநாயகத்துக்கானதும் அல்ல: 2021 ஜனவரி 6-இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த கும்பல், தேர்தல் முடிவை உறுதிசெய்யும் பணியையே சில மணிநேரம் நிறுத்தியது.