ஏற்காட்டு 'வெள்ளை டீ' கதை

"ஏற்காட்டில் மட்டும் விளையும் அபூர்வ வெள்ளைத் தேயிலை, தனிச் செடி, கிலோ 1 லட்சம், நமக்கு 100 கிராம் 900 ரூபாய்தான்" என்று ஒரு ஃபார்வர்டு சேலம் குரூப்களில் சுற்றுகிறது. பொய்.

ஏற்காடு காப்பி மலைங்க. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து அப்படித்தான், சில்வர் ஓக் நிழலில் காப்பி, அந்த மரத்திலேயே ஏறும் மிளகு. தமிழ்நாட்டுத் தேயிலை என்றால் நீலகிரி, அப்புறம் வால்பாறை.

வெள்ளை டீக்குத் தனிச் செடியும் கிடையாது. நம்ம சாதா டீ, கிரீன் டீ எல்லாமே கமெலியா சினென்சிஸ் என்ற ஒரே செடிதான். விரியாத மொட்டைக் கையால் கிள்ளி, உருட்டாமல் கசக்காமல் வாடவைத்துக் காயவைத்தால் அது வெள்ளை டீ. மொட்டின் மேல் பூனைக்குட்டிக் காது மாதிரி வெள்ளி நிறத்தில் பூமுடி தெரியும். என் மாமா ஆசையாக வாங்கிவந்த பாக்கெட்டைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன்: காம்பு, உடைந்த இலை, தூள். ஒரு மொட்டுகூட இல்லை.

சரி, அந்த லட்சம்? 2021 டிசம்பரில் குவாஹாத்தி ஏலத்தில் மனோகரி கோல்டு என்ற டீ கிலோ 99,999 ரூபாய்க்குப் போனது. அது அசாம் டீ, நிறமும் பொன்னிறம், விற்றதும் ஒரே ஒரு கிலோ.