காமன்வெல்த் உதவித்தொகைக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது

'பிளஸ் டூ முடித்தாலே போதும், காமன்வெல்த் உதவித்தொகையில் லண்டனில் இலவசப் படிப்பு. பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பொய்.

1959-இல் தொடங்கிய காமன்வெல்த் உதவித்தொகைத் திட்டத்தில், வருமானம் குறைந்த நாடுகளுக்கென்றே 'பகிர்வு உதவித்தொகை' என்று ஒரு பிரிவு இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு. செலவைப் பிரிட்டிஷ் அரசும் அங்குள்ள பல்கலைக்கழகங்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் இது முதுநிலைப் படிப்புக்கு மட்டும்தான். நல்ல மதிப்பெண்ணுடன் இளநிலைப் பட்டம் வேண்டும். சொந்தச் செலவில் அங்கே படிக்க வசதியில்லாதவராகவும் இருக்க வேண்டும். எல்லாப் படிப்புக்கும் கிடைக்காது; பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டுமே. பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டுத் தனியாகவும் விண்ணப்பிக்க வேண்டும்.

தேர்வானால் படிப்புக் கட்டணம், விமான டிக்கெட், மாதச் செலவு எல்லாம் வந்துவிடும். குளிருடைக்குக்கூடப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பியாக வேண்டும். இதை அந்தச் செய்தி சொல்வதே இல்லை.

இந்தத் திட்டத்தை நடத்தும் காமன்வெல்த் உதவித்தொகை ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. நகையை அடகு வைத்தாவது பிள்ளையை அனுப்பிவிடலாம் என்று நினைக்கும் வீடுகளைக் குறிவைத்தே இந்தப் பொய் பரவுகிறது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கட்டிவிட்டவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.