ஆரஞ்சுப் பழமும் ஆற்று வேகமும்

புவியியல் களப்பணி மகளுக்கு. தயாராவது என்னவோ நான்தான். ஆற்றின் வேகத்தை அளக்க வேண்டுமாம். 10 மீட்டர் அளந்து குறித்துக்கொண்டு, மேல்முனையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தைப் போட்டு, கீழ்முனைக்கு வந்து சேரும் நேரத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் மூன்று முறை. ஆரஞ்சு ஏனென்றால் பெரும்பகுதி மூழ்கியே மிதக்கும், காற்று அவ்வளவாகத் தள்ளாது. சரி, நல்ல யோசனைதான். வாங்கி வைத்த பழத்தை யாரோ தின்றுவிட்டார்கள். மேசையில் தோல் மட்டும் கிடக்கிறது, அளவு நாடாவுக்குப் பக்கத்தில். அந்த நாடாவும் 3 மீட்டரோடு நின்றுவிடுகிறது. பதிவுத்தாள் கொடுத்து இரண்டு வாரமாகிறதாம். பையின் அடியில் கசங்கிக் கிடந்துவிட்டு, நாளை காலை கிளம்ப வேண்டிய நிலையில், இரவு ஒன்பது மணிக்கு வெளியே வருகிறது. ஆபத்துகளை எழுதும் கட்டத்தில் ஒரே வரி: ‘தண்ணீர் ஈரமாக இருக்கும்.’