அந்த நாற்காலியில் அவர் அமர்ந்ததில் என்ன தவறு?

வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி நேற்றே பலர் எழுதிவிட்டீர்கள். முழுக் கதையையும் நான் மீண்டும் சொல்லப் போவதில்லை. மறுசுழற்சிப் பாடத்துக்காக எங்கள் தெருவின் தூய்மைப் பணியாளரை என் வகுப்புக்கு அழைத்து, நாற்காலியில் அமர்த்திப் பிள்ளைகளோடு பேச வைத்தேன்; கூட்டத்தில் சிலர் அதைக் கண்டித்தார்கள். "சமூக அறிவியல் பாடவேளையில் குப்பைக்காரம்மாவை நாற்காலி போட்டு உட்கார வைத்து என்ன பாடம் நடத்துகிறீர்கள்?" என்று கேட்டவர்கள், என் பதிலைக் கேட்கக் காத்திருக்கவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

மறுசுழற்சி முதலில் மனிதர்களைப் பற்றிய பாடம். பிளாஸ்டிக் பாட்டிலை இரண்டாக வெட்டி, வண்ணம் பூசி, செடி வைத்துக் கண்காட்சியில் அடுக்கினால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். அதே பாட்டிலை நம் வாசலிலிருந்து எடுத்துப் போகிறவர் யார், அவர் எத்தனை மணிக்கு எழுகிறார், அதை யார் எடை போட்டு வாங்குகிறார், என்ன விலை கொடுக்கிறார் என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கினால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள். அந்தக் கேள்விகள்தாம் சமூக அறிவியல்.

நான்காம் வகுப்பில் மூன்று வாரம் இதைச் செய்தோம். பழைய பேப்பர் கடைக்காரர் வந்து, பிள்ளைகள் கொண்டுவந்தவற்றில் செய்தித்தாளையும் அட்டையையும் பாட்டிலையும் தனித்தனியாக எடை போட்டுக் காட்டினார். பிஸ்கட் உறைகளை மட்டும் ஒதுக்கினார். ஒரு மாணவன் உறையைக் கிழித்து உள்ளே மின்னும் வெள்ளிப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தான். பல அடுக்குகளை ஒட்டிச் செய்ததைப் பிரிக்க முடியாது, அதனால் யாரும் வாங்குவதில்லை என்று அவர் விளக்கினார். 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருந்தும் கடையில் ஏன் தருகிறார்கள் என்று ஒரு சிறுமி கேட்டாள். இதைவிட நல்ல குடிமையியல் கேள்வியை நான் பாடநூலின் பயிற்சிப் பகுதியில் கண்டதில்லை.

அடுத்த வாரம் எங்கள் தெருவின் தூய்மைப் பணியாளர் வந்தார். தம் வலது உள்ளங்கையை விரித்து, சோற்றுக் கழிவுக்குள் கிடந்த உடைந்த கண்ணாடி கிழித்த தழும்பைக் காட்டினார். குப்பையை மக்கும், மக்காத, தீங்கு தரும் என மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னதை நானும் கரும்பலகையில் எழுதியிருந்தேன். ஆனால் அந்தத் தழும்பைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் வீட்டில் பிளேடைக் காகிதத்தில் சுற்றித் தனியே வைக்கச் சொல்லி அம்மாக்களை நச்சரித்தார்கள்.

தேர்வுக்கு இது வருமா என்கிறீர்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையைப் பற்றிய முதல் கவலை அதுவாக இருக்க வேண்டாம்.

பிள்ளைகளைக் குப்பை தொட வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன், ஏனெனில் அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. சில பிள்ளைகளை மட்டும் குறிவைத்துக் கழிப்பறை கழுவச் சொன்ன கொடுமை நம் பள்ளிகளில் நடந்திருக்கிறது. இங்கே யாரும் குப்பையைக் கிளறவில்லை. எல்லாப் பிள்ளைகளும், எந்த வேறுபாடும் இல்லாமல், தம் வீட்டிலிருந்து கழுவிக் காயவைத்த பொருள்களையே கொண்டுவந்தார்கள். ஆனால் கூட்டத்தில் எழுந்த குரல் பிள்ளைகளின் கையைப் பற்றியதாக இருக்கவில்லை. அது நாற்காலியைப் பற்றியது.

அது ஏன் எனக்கு இவ்வளவு வலிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா சைக்கிளில் தெருத் தெருவாகப் போய்ப் பழைய பேப்பர் வாங்கியவர். ஆண்டு இறுதியில் என் வகுப்புத் தோழர்களின் நோட்டுகள் அவர் சாக்கில் எங்கள் வீட்டுக்கு வரும்; அட்டையைக் கிழித்துத் தனியே அடுக்கும் வேலை எனக்கு. அட்டைகளில் அவர்கள் பெயரைப் பார்ப்பேன். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பள்ளியில் கேட்டபோதெல்லாம் 'வியாபாரம்' என்று மட்டும் சொன்னேன். ஐந்து ஆண்டுகளில் ஒரு ஆசிரியர்கூட அவரை வகுப்புக்குள் அழைத்து, தராசைக் காட்டச் சொன்னதில்லை. அழைத்திருந்தால் நான் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்திருக்க மாட்டேன்.

சமூகத்தோடு பள்ளிக்குத் தொடர்பு வேண்டும் என்று எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோம். ஆண்டு விழாவுக்கு நன்கொடையாளரை அழைத்துப் பொன்னாடை போர்த்துவது மட்டும்தான் தொடர்பா? நாள்தோறும் காலையில் நம் வாசலுக்கு வருகிறவர் சமூகத்தில் சேரமாட்டாரா?

இன்று காலை அவர் வண்டியைப் பள்ளி வாசலில் நிறுத்தவில்லை. தலையைக் குனிந்தபடி தள்ளிக்கொண்டு போய்விட்டார். சன்னலோரம் இருந்த மாணவி, "டீச்சர், அந்த அக்கா இனிமே நம்ம வகுப்புக்கு வரமாட்டாங்களா?" என்று கேட்டாள். கூட்டத்தில் பேசியவர்கள் ஒருநாள் வகுப்புக்கு வந்து அவளுக்குப் பதில் சொல்லுங்கள். அதே நாற்காலியை உங்களுக்கும் போடுகிறேன்.